மேல் பொத்தான் நிறுத்தாத கடிகாரம்

மார்ச் 4

நண்பர் ஒருவர் தம் தந்தையார் அணிந்திருந்த தங்கக் கைக்கடிகாரத்தை இன்று கொண்டுவந்து கொடுத்தார். டயலில் ‘குரோனோகிராஃப் ஸ்விஸ்’ (குரோனோகிராஃப் என்றால் ஓட்டி நிறுத்தி நேரம் அளக்கும் வசதி உள்ள கடிகாரம்) என்ற எழுத்துகளைத் தவிர வேறு நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. அவர் சொன்ன குறை ஒன்றுதான்: மேல் பொத்தானை அழுத்தினால் நீண்ட வினாடி முள் ஓடத் தொடங்குகிறது, அதையே மறுபடி அழுத்தினால் நிற்க மறுக்கிறது. இதற்கு முன் பார்த்த ஒருவர், உள்ளே ஏதோ நெம்புகோல் உடைந்திருப்பதாகவும் மேல் பொத்தான் சார்ந்த பாகங்களை முழுவதும் மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் கீழ்ப் பொத்தானை அழுத்தினேன், முள் நின்றது. இன்னொரு முறை அழுத்தினேன். அது பன்னிரண்டுக்குத் திரும்பியது. பெரும்பாலான இருபொத்தான் குரோனோகிராஃப்களில் ஓட்டுவதும் நிறுத்துவதும் மேல் பொத்தானின் வேலை, முள்ளைத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது கீழ்ப் பொத்தானின் வேலை. லாண்டெரான் 48 என்ற இயந்திரத்திலும் அதன் உறவுக் கேலிபர்கள் (இயந்திர வகைகள்) பலவற்றிலும் மேல் பொத்தான் ஓட்டுவதற்கு மட்டுமே. நிறுத்துவதும் திருப்புவதும் கீழ்ப் பொத்தானுக்கு உரியவை. ஆகவே இது பழுதன்று, பிறவிக்குணம். அப்போதே நண்பரிடம், “தயவுசெய்து இனி யாரையும் அந்தப் பொத்தானில் கைவைக்க விடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 5

பின்மூடி அழுத்திப் பொருத்தும் வகை. விளிம்பில் அதற்கென விடப்பட்டிருக்கும் சிறு பள்ளத்தில் கத்தியை வைத்துத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் பெண் தலை முத்திரையும் அதனருகே 0.750 என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. ஸ்விட்சர்லாந்தின் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்கக் கடிகாரக் கூடுகளுக்கு அரசு முத்திரை வந்தது. 18 காரட்டுக்கு ஸ்விட்சர்லாந்தைப் பெண்ணாக உருவகிக்கும் ஹெல்வெட்டியாவின் தலை, 14 காரட்டுக்கு அணில். முத்திரையின் கோடுகள் கூர்மையாக இருப்பதால் உட்புறத்தை யாரும் தேய்த்ததில்லை என்று கொள்ளலாம்.

முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் கீழே, அடித்தட்டில், லூப் எனும் உருப்பெருக்கி வழியாகப் பார்த்தபோது 48 என்ற எண் தெரிந்தது. சந்தேகம் தீர்ந்தது. இந்தக் கேலிபர் 1937-இல் வந்து 1970 வரை லட்சக்கணக்கில் தயாரானது. இதில் தூண் சக்கரம் கிடையாது. அந்த இடத்தில், தகட்டிலிருந்து வெட்டியெடுத்த தட்டையான கேம் ஒன்று தன் விளிம்பின் வடிவத்தால் நெம்புகோல்களை நகர்த்துகிறது. தூண் சக்கரம் என்பது சிறு தூண்களை வட்டமாக நிறுத்தியது போல் கடைந்தெடுக்க வேண்டிய பாகம், அதற்கு நேரமும் திறமையும் பிடிக்கும். தட்டுக் கேமை மலிவாகவும் ஒரே அளவிலும் வார்த்தெடுத்தாற்போல் செய்யலாம். கேம் வகையைத் தரங்குறைந்தது என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பொத்தான் கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓடுகிற கருவியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

மார்ச் 7

இன்று முழுவதும் டயலுக்கே போயிற்று. பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. அதில் மறுவர்ணம் பூசியிருந்தால் மற்ற எதுவும் அதை ஈடுசெய்யாது.

நான் முதலில் பார்ப்பது வெளிவட்டத்தின் வினாடிக் கோடுகளை. இந்த இயந்திரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது, அதாவது வினாடிக்கு ஐந்து. எனவே இரண்டு வினாடிக் கோடுகளுக்கிடையே நான்கு சிறுகோடுகள் இருந்தாக வேண்டும். இருக்கின்றன, இடைவெளியும் சீராக இருக்கிறது. அடுத்தது வேகம் காட்டும் சிவப்பு அளவுகோல். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 60 வினாடி ஆனால் வேகம் 60, 45 வினாடி ஆனால் 80, 30 வினாடி ஆனால் 120. அந்த எண்கள் அந்தந்த வினாடிக்கு நேரே நிற்கின்றனவா என்று சரிபார்த்தேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நேரத்தைக்கொண்டு தூரம் காட்டும் நீல அளவுகோலில், முதல் கிலோமீட்டர் ஏறத்தாழ மூன்று வினாடியில் வருகிறது; ஒலியின் வேகத்துக்கு அது பொருந்துகிறது. கையால் மறுபடி எழுதப்பட்ட டயல்களில் இத்தகைய கணக்குகள்தாம் முதலில் பிசகும்.

ஆறு மணிக்குக் கீழே கறை ஒன்று உண்டு, பொடியாகத் தூவிய மிளகு போல. நண்பர் அதை நீக்க முடியுமா என்று கேட்டிருந்தார். பழைய டயல்களில் மையின் மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். ஈரத்துணி பட்டாலே அச்செழுத்து கையோடு வந்துவிடக்கூடும். காற்றால் தூசியை ஊதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9

மதிப்பீட்டை எழுதத் தொடங்கினேன். தங்கம் என்பதால் பெருந்தொகை கிடைக்கும் என்று நண்பரின் குடும்பத்தில் எண்ணம். உண்மை வேறு. இந்த வகைக் கூடுகளில் தங்கம் மிக மெல்லிய தகடு. பட்டை மாட்டும் கொம்புகள் உள்ளீடற்றவை, பல கூடுகளில் உட்சட்டமே வேறு உலோகம். பார்வைக்கு இருக்கும் கனம் தராசில் இருக்காது. பெயர்பெற்ற நிறுவனத்தின் எஃகுக் கடிகாரம், உள்ளே தூண் சக்கரம் கொண்ட வல்ஜூ 72 இயந்திரம் என்றால், சேகரிப்பாளர்கள் இந்தத் தங்கத்தைவிடப் பன்மடங்கு கொடுப்பார்கள். 1963-இல் வந்த ஹாயர் கரேரா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது: தொடப்படாத டயல், தேயாத முத்திரை, கூர்மை குறையாத கொம்புகளின் விளிம்பு, ஒரே காலத்தைச் சேர்ந்த முட்கள். சாவி கொடுக்கும் பக்கவாட்டுத் திருகு மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதை மறைக்காமல் எழுதினேன். விற்பனை மதிப்பும் காப்பீட்டு மதிப்பும் ஒன்றல்ல என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்தேன். தங்கத்தை உருக்கினால் கிடைப்பதை மூன்றாவதாக எழுதினேன். அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகாவது, யாரும் நகைக்கடையில் போட நினைக்க மாட்டார்கள்.

மார்ச் 12

பிரிப்பதற்கு முன், துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்தேன். டயல் மேல்நோக்கிய நிலையில் பேலன்ஸின் வீச்சு, அதாவது அது ஒரு பக்கமாகச் சுழலும் கோணம், 195 பாகை. குரோனோகிராஃபை ஓட்டியதும் 160-க்குக் கீழே சரிந்தது. எண்ணெய் உலர்ந்து பசையாகிவிட்டதன் அடையாளம் இது.

குரோனோகிராஃப் பகுதியை மேலிருந்து கழற்றினேன், ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொண்டு. இங்கே எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது, குரோனோகிராஃபுக்கு ஓட்டம் கொடுக்கும் ஓட்டுச்சக்கரம். அது நான்காம் சக்கரத்தின் நீட்டிய அச்சில் இறுக்கமாக ஏறியிருக்கும். ஒரு பக்கமாக நெம்பினால் மயிரளவு தடிப்புள்ள அந்த அச்சு முறிந்துவிடும். இரு பக்கமும் சமமாகத் தூக்கும் கருவியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எடுத்தேன். பற்களின் ஆழத்தைச் சரிசெய்யும் மையம் விலகிய திருகுகளைத் தொடவே இல்லை. ஆலையில் வைத்த இடத்தில் அவை இருக்கின்றன, தலையில் கீறல்கூட இல்லை. அவற்றைத் திருப்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

மார்ச் 13

கடிகாரத்துக்குச் சக்தி தரும் மெயின் ஸ்பிரிங் பழைய நீல எஃகு, விரிந்து தளர்ந்துவிட்டது. அதே அகலமும் தடிப்பும் உள்ள துருப்பிடிக்காத புதியதை இட்டேன். பழையதைச் சிறு உறையில் போட்டு, நண்பரிடம் திருப்பித் தர எடுத்துவைத்தேன். சக்கர அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகவும் அழுத்தத்தோடும் சுழலும் இடங்களுக்குத் தடித்தது, கேமும் நெம்புகோல் முனைகளும் உரசும் இடத்தில் ஒரு துளி கிரீஸ். குரோனோகிராஃப் சக்கரங்களின் நுண்பற்களில் எதுவும் இடக்கூடாது. எண்ணெய் பட்டால் தூசி ஒட்டி மறுபடி இதே நிலைக்கு வந்துவிடும்.

மார்ச் 15

திருப்பும்போது வினாடி முள் பன்னிரண்டைத் தாண்டி இரண்டு கோடு தள்ளி நின்றது. இதய வடிவக் கேமின் மேல் ‘சுத்தி’ எனும் நெம்புகோல் விழுந்தால், முள் எங்கிருந்தாலும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். அடால்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை பெற்ற உத்தி அது, இன்றும் மாறவில்லை. ஆகவே கோளாறு கேமில் இல்லை, முள்ளின் குழாயில். பலமுறை கழற்றி மாட்டியதில் குழாய் அகன்றிருந்தது. அதை ஒரு சிறிதளவு இறுக்கி, சுத்தி கேமை அழுத்தியிருக்கும் நிலையிலேயே, அடியில் சக்கர அச்சைத் தாங்கும் மணிக்கல்லுக்கு நேராகத் தாங்கு கொடுத்து முள்ளைப் பொருத்தினேன். மீண்டும் மீண்டும் ஓட்டித் திருப்பியதில் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டில் நின்றது.

மார்ச் 18

வீச்சு இப்போது 280 பாகை, குரோனோகிராஃப் ஓடும்போது 255. நண்பர் வந்தார். “அண்ணே, கூட்டுக்கு ஒரு மெருகு போட்டுத் தரலாமே?” என்றார். வேண்டாம் என்றேன், தகடு மெல்லியது, ஒவ்வொரு மெருகும் கொம்பின் விளிம்பைக் கொஞ்சம் தின்றுவிடும். காரணத்தைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். மேல் பொத்தான் ஓட்டுவதற்கு, கீழ்ப் பொத்தான் முதல் அழுத்தத்தில் நிறுத்துவதற்கு, இரண்டாம் அழுத்தத்தில் திருப்புவதற்கு என்று காகிதத்தில் எழுதி மதிப்பீட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். தேவையில்லாத வேளையில் குரோனோகிராஃபை நிறுத்தி வைக்கவும், தண்ணீர் அருகே அணியாதிருக்கவும், தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கவும் அதிலேயே குறித்திருக்கிறேன்.