முட்டைக் கிண்ணத்தை எப்போது எடுப்பது

பம்பாய் சயான் கோலிவாடாவில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய கிரில்லுக்குள்தான் ஃபின்ச் என்ற சின்னக் குருவிகளின் கூண்டு இருக்கிறது. இரண்டு ஜோடி ஸீப்ரா ஃபின்ச். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெட்டை.

முதல் வருஷம் கடைக்காரர் சொன்னபடி தினை மட்டும்தான் போட்டேன். கூடு கட்ட வைத்திருந்த மண்பானைக்குள் நான்கு குஞ்சு பொரிந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு செத்துப்போயின. கையில் எடுத்துப் பார்த்தபோது தீனிப்பை நிறையத் தினை இருந்தது, அந்த மெல்லிய தோலுக்கு உள்ளே மணி மணியாகத் தெரிந்தது. தாயும் தகப்பனும் ஊட்டத்தான் செய்திருக்கின்றன. குஞ்சுகள் வயிறு நிறைந்தே செத்திருக்கின்றன. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

பிறகு கேட்டும் படித்தும்தான் விஷயம் புரிந்தது. தினையில் மாவுச்சத்து இருக்கிறது. குஞ்சு வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். முட்டையை விட்டு வெளியே வரும்போது ஒரு கிராம்கூட இருக்காத குஞ்சு, மூன்று வாரத்தில் 10 கிராமைத் தொட்டு, இறகு முளைத்துப் பறக்க வேண்டும். அது தினையால் மட்டும் ஆகிற காரியமில்லை.

நான் கோழி முட்டை வேக வைக்க ஆரம்பித்ததும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. “குருவிக்குப் போய் முட்டையக் கொடுக்கியே, பாவம்லா?” என்றார்கள். “ஒரு குஞ்சு உருவாகத் தேவையானது அத்தனையும் முட்டைக்குள்ளதான அத்த இருக்கு” என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இப்போது முட்டை ஓட்டைக் கழுவிக் காய வைப்பது அவர்கள்தான்.

நான் செய்கிற விதம் இதுதான். தண்ணீர் கொதித்த பிறகு 12 நிமிஷம் வேக விடுவேன். கரு முழுக்கக் கெட்டியாக வேண்டும், அரைவேக்காடு கூடாது. ஆறியதும் கேரட் துருவியிலேயே துருவி விடுவேன். ஓட்டைத் திரும்பவும் கொதிக்க வைத்து, காய வைத்து, மிக்ஸியில் பொடித்து அரை ஸ்பூன் சேர்ப்பேன். அப்புறம் ப்ரூன் பாவ். பேக்கரியில் வாங்கிய அந்த மொறுமொறு ரொட்டியை இரண்டு நாள் காய விட்டுத் தூளாக்கி வைத்திருப்பேன். கலவை புட்டு மாவு மாதிரி உதிர உதிர வரும்வரை அதைச் சேர்க்க வேண்டும். கையில் ஒட்டினால் சீக்கிரம் புளித்துவிடும். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை இருந்தால் கொஞ்சம் தூவுவேன். ஒரு ஜோடிக்கு ஒரு டீஸ்பூன் போதும். மீதியை ஐஸ் ட்ரேயில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மழைக்காலத்தில் பாவ் தூளை முகர்ந்து பார்க்காமல் கலக்கவே மாட்டேன். பம்பாய் ஈரத்தில் மூடிய டப்பாவுக்குள்கூடப் பூஞ்சணம் வந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு வைத்தால் ஒன்பதுக்குள் கிண்ணம் வெளியே வந்துவிட வேண்டும். மே மாதம் என்றால் ஒரு மணி நேரம்தான். வெந்த முட்டையில் கிருமி பெருகுவதற்கு இந்த ஊர் வெயில் தாராளம். மிச்சம் கிடக்கிறதே என்று மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் பழகிய பிறகும் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். அடுத்த ஈட்டில் ஐந்து குஞ்சும் பிழைத்த சந்தோஷத்தில், வருஷம் பூராவும் தினமும் முட்டை வைத்தேன். ஒரு பெட்டை நிறுத்தாமல் முட்டை இட்டது. குஞ்சு பறக்கும் முன்னே அடுத்த ஈடு. ஆஸ்திரேலியாவில் ஸீப்ரா ஃபின்ச் மழை பெய்து புல் விதை பெருகும்போதுதான் கூடு கட்டும். சத்தான தீனி தினமும் கிண்ணத்தில் வந்தால், அதன் உடம்புக்கு வருஷம் முழுக்க மழைக்காலம்தான். நான்காவது ஈட்டில் ஒருநாள் காலை கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு, வால் ஆட, மூச்சு வாங்கிக் கிடந்தது. முட்டை அடைத்துக்கொண்டது. சின்னப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் குண்டு பல்பு எரிய விட்டு, அப்படியே பறவை பார்க்கும் டாக்டரிடம் ஓடினேன். கால்சியம் கொடுத்தார். சாயங்காலம் முட்டை வெளியே வந்தது. தோல் மாதிரி மெத்தென்று இருந்தது, ஓடே இல்லை. இட்டு இட்டு அதன் எலும்பில் இருந்த சுண்ணாம்பெல்லாம் தீர்ந்திருக்கிறது. கையில் அந்த முட்டையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அன்றைக்கே பானையைக் கழற்றினேன், முட்டைத் தீனியை நிறுத்தினேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு மட்டும் எப்போதும் கம்பியில் தொங்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள், அதேதான். இப்போதெல்லாம் குஞ்சு பொரிந்த நாளிலிருந்து, அவை தானே பொறுக்கித் தின்னும்வரைதான் தினமும் முட்டை. வருஷத்துக்கு இரண்டு ஈடு, அதற்கு மேல் பானையே கிடையாது.

அந்தப் பெட்டை நன்றாக இருக்கிறது. இந்த வாரம் கூண்டுக்கு அடியில் சாம்பல் நிற இறகு உதிர்ந்து கிடக்கிறது. புது இறகு முளைக்கவும் புரதம் வேண்டும். பானை இல்லாததால் தைரியமாகக் கொடுக்கலாம், வாரத்தில் இரண்டு நாள். நாளைக் காலை ஒரு முட்டை வேக வைக்க வேண்டும்.