வேளாங்கண்ணி நேர்ச்சைக்குப் புறப்படுகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிற்பாதி வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு வேண்டுதல் வைத்து நடக்கிறவர்களின் காவி உடைதான். சென்னையில் புறப்பட்டு மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற கூட்டம். முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேர், அதில் சீரியல் விளக்கு, பின்னால் மூட்டை முடிச்சு ஏற்றிய வேன். ஆகஸ்ட் 29 மாலைக் கொடியேற்றத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சிலர். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று சிலர். இதில் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் நிறையப் பேர். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் பாதிக்கு மேல் தெரியாது. ‘மரியே வாழ்க’ தெரியும், அதைச் சொல்லிக்கொண்டே நடந்துவிடுகிறார்கள்.

நம் பக்கம், பிறவிக் கத்தோலிக்கர் பக்கம், வாருங்கள். முதல் நன்மை (முதன்முதலாக நற்கருணை) வாங்கிய வயதிலிருந்து எல்லா மந்திரமும் மனப்பாடம். ஜெபமாலையின் 53 அருள் நிறைந்த மரியேயையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டிவியைப் போடுகிற குடும்பங்கள் உண்டு. பூசையில் எங்கே எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்பது காலுக்கே தெரியும். மனம் வர வேண்டிய அவசியமே இல்லை. மாற்கு எழுதிய நற்செய்தியில் 5, 6 அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்தால் வயிற்றில் புளி கரைக்கும். ஐந்தாம் அதிகாரத்தில் கூட்டமெல்லாம் ஆண்டவர் இயேசுவை நெருக்கித் தள்ளுகிறது. தொட்டவள் என்று அவர் தேடியது ஒருத்தியைத்தான், 12 ஆண்டு இரத்தப்போக்கோடு பின்னால் ஒளிந்து வந்தவளை. ஆறாம் அதிகாரத்தில் சொந்த ஊரான நாசரேத்துக்கு வருகிறார். அங்கே அவரை எல்லாருக்கும் தெரியும். தொழில் தெரியும், அம்மா பேர் தெரியும், சகோதரர் பேர்கூடத் தெரியும். அந்த ஊரில்தான், நோயாளிகள் சிலரைக் குணமாக்கியதைத் தவிர, வல்ல செயல் எதுவும் அவரால் செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. பங்குக் கோவில் திண்ணையிலேயே வளர்ந்த நாமெல்லாம் நாசரேத்துக்காரர்கள்.

சரி, நேர்ச்சைக்கு வருவோம். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1193-இன்படி ஒரு நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். பேரனை நடக்க வைக்கிறேன் என்று ஆயா வேண்டியிருந்தால், அந்தக் கடன் பேரன் தலையில் ஏறாது. மாதா கோபிப்பாள் என்று பயமுறுத்திப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது பக்தியில் சேராது. ஆயாவால் இப்போது நடக்க முடியவில்லையா? தானே செய்த தனி நேர்ச்சையை அதற்கு இணையான அல்லது மேலான நற்செயலாக அவரே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197 சொல்கிறது. நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்குக் கொடுக்கலாம், அது 1196. முட்டி தேய்ந்த எழுபது வயதில் முழந்தாள் நடை போட்டு ஆஸ்பத்திரியில் படுப்பதைவிட, பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மொட்டை, காது குத்து, தென்னங்கன்று, மாலை, சேலை எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

நடக்கிறவர்களுக்கு. நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் சென்னையிலிருந்து 11, 12 நாள் ஆகும். முதல் நாள் வேகத்தில் நாற்பது போய்விடுகிற குழு, மூன்றாம் நாள் மரக்காணம் பக்கம் பாதிப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டுதான் போகும். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிறுத்துங்கள். மறுபடி மாலை 4 மணிக்கு மேல். நடுப்பகலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பது தவம் ஆகாது, பாதம் வெந்துபோகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கால் நேர்ச்சையே செய்யக்கூடாது. கால் மரத்திருப்பதால் கண்ணாடி குத்தினாலும் தெரியாது. தெரிய வரும்போது புண் சீழ் வைத்திருக்கும்.

கொப்புளம் வருவதற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை, ஈரமும்தான். வியர்வையில் நனைந்த சாக்ஸ் தோலோடு உரசுகிறது. பழகிய செருப்போ ஷூவோ போடுங்கள், பயணத்துக்கென்று புதிதாக வாங்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாக்ஸை மாற்றி, விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவுங்கள். சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். பெரிதாகி வலித்தால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை இறக்கி, மேல்தோலை உரிக்காமல் பெட்டடின் போட்டுக் கட்டுங்கள். தோலை உரித்துவிட்டால் அத்தோடு நடை முடிந்தது. சர்க்கரைக்காரர்கள் ஊசியையே தொட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் இழுக்கும். ஓ.ஆர்.எஸ். கரைக்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீர் விடுங்கள், கூட்டியோ குறைத்தோ கலக்காதீர்கள்.

விடியற்காலைதான் பயம். இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் கண் செருகுகிற நேரம் அது. தேரின் பின்பக்கம் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை, கடைசியாக நடக்கிறவர் கையில் மினுக்கும் சிவப்பு விளக்கு, இந்த இரண்டும் இல்லாமல் கிளம்பவே கூடாது. தேர் இல்லாமல் நடக்கிற சிறு குழு சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் போக வேண்டும்.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சினிமா மெட்டில் மாதா பாட்டு, அதற்குக் குத்தாட்டம், அதை வீடியோ எடுக்க இரண்டு பேர். நடந்தவன் என்ற பெயர் கிடைக்கும். வேறென்ன கிடைக்கும்? நிதான நடையில் ஒரு ஜெபமாலைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் கழியும். மகிழ்ச்சி, ஒளி, துயர், மகிமை என்று ஜெபமாலையில் தியானிக்கிற நான்கு வரிசைகளையும் ஒரு காலைக்குள் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்துவிடலாம். ஒருவர் முன்பாதி, மற்றவர்கள் பின்பாதி. மூச்சு வாங்குவதால் வேகமாகச் சொல்ல முடியாது. வீட்டில் கால் மணியில் முடித்த ஜெபம் ரோட்டில் அரை மணி ஆவது நல்லதுதான், முதல்முறையாக வார்த்தைகள் காதில் விழும்.

ஊருக்குள் நுழைந்தவுடன் லாட்ஜ் புரோக்கர்கள். ‘ரூம் எல்லாம் ஃபுல், நான் பார்த்துத் தர்றேன்’ என்பதிலேயே ஆரம்பிப்பார்கள். திருவிழா நாட்களில் ஒரு கட்டிலுக்குக் கேட்கிற வாடகையைக் கேட்டால் நேர்ச்சையே மறந்துபோகும். ஆலய நிர்வாக விடுதிகளுக்கு முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்; கிடைக்காவிட்டால் நாகப்பட்டினத்தில் தங்கிக் காலையில் வரலாம். கை, கால், கண், தொட்டில், வீடு என்று காணிக்கைக்கான தகட்டு உருவம் விற்கிறவர்கள் கையில் திணித்துவிட்டு அப்புறம்தான் விலை சொல்வார்கள். கையை நீட்டாதீர்கள். மெழுகுவர்த்தி ஆளுயரத்துக்கு வாங்க வேண்டாம். கூட்டத்தில் எதையும் முழுதாக எரிய விடமாட்டார்கள், அடுத்தவருக்கு இடம் வேண்டும் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

முதலில் போக வேண்டிய இடம், குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டி. கடற்கரைக்கும் மொட்டை போடுகிற இடத்துக்கும் அப்புறம் போகலாம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, வாய்விட்டுச் சொல்லுதல், பரிகாரம் என்று ஐந்து காரியம் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்வது மட்டும்தான் நடக்கிறது, அதுவும் பத்து வயதில் சொன்ன அதே பட்டியல்: பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு நாகர்கோவில் கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு குடும்பமும் ஒரே நாளில் இரண்டு வேனில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே மாதாவிடம் சேலை சாத்திவிட்டுப் போகும். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொன்னதைக் குருவானவர் பிரசங்கத்தில் எத்தனை முறை சொன்னாலும், அது பக்கத்து பெஞ்சுக்காரருக்குச் சொன்னதாகவே நமக்குக் கேட்கும். வட்டிக்கு வாங்கி ஏமாற்றிய பணம், வேலைக்காரிக்குப் பிடித்துக்கொண்ட சம்பளம் இதெல்லாம் இருந்தால், திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லாமல் தொட்டியில் முழந்தாளிட்டுப் பயனில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து உபவாசம். வரிசையில் நின்றுகொண்டே பஜ்ஜி தின்கிறவர்கள் கவனிக்க.

மாதா குளத்துக்குப் போகிற மணற்பாதையில் முழந்தாள் நடை செய்கிறவர்கள் விடிவதற்கு முன்போ, வெயில் தாழ்ந்தோ தொடங்குங்கள். காலை 9 மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பிக்கும். முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொள்வது உதவும் என்று நினைப்போம். மடிப்புக்குள் மணல் புகுந்து தோலை அரைத்துவிடும். இறுக்கமான முட்டி உறை போடலாம், அல்லது எதுவும் கட்டாமலே போகலாம். வேட்டி, சேலை அடியில் சிக்கி முன்னால் குப்புறத் தள்ளும், பக்கத்தில் ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைக் காட்டும் வழியோரச் சிலுவைப் பாதை நிலைகள் ஒவ்வொன்றிலும் நின்று அந்த நிலையைத் தியானியுங்கள். ஜெபத்துக்கு ஜெபம் ஆச்சு, முட்டிக்கு ஓய்வும் ஆச்சு. ஒரே மூச்சில் முடித்துப் பெருமையாக எழுந்து நிற்பதற்கு இது ஓட்டப்பந்தயம் இல்லை. முடித்ததும் கடலில் இறங்கினால் உப்பு நீர் உரிந்த தோலில் எரியும், நல்ல தண்ணீரில் மணலைக் கழுவிவிட்டு மருந்து போடுங்கள். கடலில் இறங்க வேண்டாம் என்று காவலர் தடுத்தால் தடுத்ததுதான்.

இனி மாதாவின் முன்னால் நிற்கிற நேரம். திருவிழாவில் அது சில விநாடி. ‘நகருங்க, நகருங்க’ என்று தொண்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இருபது மன்றாட்டை எழுதிக்கொண்டு வந்தவருக்கு அங்கே ஒன்றும் ஞாபகம் வராது. அதனால் வரிசையிலேயே ஒரே ஒரு வார்த்தையை முடிவு செய்துகொள்ளுங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். பீடத்துக்கு மேலே, சேலையுடுத்திக் கையில் பிள்ளையோடு நிற்கிறாள். போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் தப்பிக் கரை சேர்ந்து கட்டிய கோவில், நன்றிக்குக் கொண்டுவந்து கொடுத்த பீங்கான் தட்டுகள், 1962-இல் கிடைத்த பசிலிக்கா பட்டம் எல்லாம் அந்த விநாடியில் மறந்துபோகும். அவள் முகம்தான் இருக்கும். இங்கே காட்சி கொடுத்ததாகச் சொல்லும் கதைகளில் பால்காரப் பையனிடம் பால் கேட்டவள். மோர் விற்ற நொண்டிப் பையனை எழுந்து நடக்க வைத்தவள். நம்மிடமும் எதையோ கேட்கிறாள் என்று அப்போது உறைக்கும். கானாவூர்க் கல்யாணத்தில் பணியாளரிடம், மகனைக் காட்டி, அவர் சொல்வதையெல்லாம் செய்யுங்கள் என்றாளே, அதையே கேட்கிறாள். கேட்க வந்தது நாமல்லவா என்று தொண்டை அடைக்கும்போது முதுகில் கை வைத்து நகர்த்திவிடுவார்கள். பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு தாய், ஒரு மந்திரமும் தெரியாமல், ‘அம்மா’ என்ற ஒரே சொல்லோடு அழுதுகொண்டிருப்பாள். இந்த ஆலயத்தில் நடப்பதை மதங்களைக் கலப்பதாகக் கருத முடியாது என்று 2024 ஆகஸ்டில் உரோமையில் உள்ள வத்திக்கான் அலுவலகமான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தஞ்சை ஆயருக்கு எழுதியிருந்தது. அந்தத் தாயின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கடிதம் ஆச்சரியமாக இருந்திருக்காது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் வந்த பக்தர்களைச் சுனாமியில் கடல் கொண்டுபோன அதே கரைதான் இது. கோவில் தப்பியதைப் புதுமை, அற்புதம் என்கிறோம். செத்தவர்களும் நேர்ச்சையோடு வந்தவர்கள்தான். அவர்கள் விசுவாசம் குறைந்தது என்று யாராவது சொன்னால் அவரோடு வாதாடாமல் எழுந்து போய்விடுங்கள். அந்த வீட்டார் இன்றும் வருகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்த விசுவாசத்துக்கு முன்னால் நம் மனப்பாடமெல்லாம் என்ன!

தாயே, நடக்கக் கால் கொடுத்தாய், நடக்க முடியாதவருக்கு வேன் கொடுத்தாய், சிதம்பரத்தில் மழை விட்டது, சீர்காழியில் யாரோ கஞ்சி ஊற்றினார்கள், காரைக்காலில் ஒரு முஸ்லிம் வீட்டுத் திண்ணை கிடைத்தது என்று ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியலோடுதான் திரும்புகிறது. கேட்டது கிடைத்ததா என்று விசாரித்தால் பலருக்கு உடனே பதில் வராது; கிடைக்காத காரியத்துக்கும் நன்றி சொல்லிக்கொண்டு போகிறார்கள். மரியே வாழ்க, ஆயிரம் முறை வாழ்க.

செப்டம்பர் 8 மாலை கொடி இறக்கியதும் பஸ் நிலையத்தில் கால் வைக்க முடியாது. முடிந்தால் 9-ஆம் தேதி காலை கிளம்புங்கள். நடந்து வந்தவர்கள் ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கும், மூட்டையின் மேலாவது தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசைக்குச் சொந்தப் பங்குக் கோவிலுக்குப் போய்விடுங்கள்; வழக்குப் போட்ட அண்ணனும் அங்கேதான் வருவார்.