தனிக் குழு என்று எழுதுவதற்கு முன்

ஆசியச் சில்வண்டுகளில் ஒரு புதிய பேரினத்தை விவரிக்கும் கட்டுரையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம். வடகிழக்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய மியான்மர் மலைகளிலும் வாழ்பவை. இதுவரை வேறொரு பெரிய பேரினத்துக்குள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பெயரை இங்கே எழுத மாட்டேன். விவரணை இல்லாமல் அச்சேறிவிட்ட பெயர் விலங்குப் பெயரிடல் விதிகளின்படி செல்லாது; பின்னால் வருகிறவர்களுக்குத் தலைவலி மட்டும் மிஞ்சும். ஆகவே வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பகுதிச் சில்வண்டுகளில் எதைத் தொட்டாலும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வில்லியம் லூகாஸ் டிஸ்டண்டிடம் போய்த்தான் நிற்க வேண்டும். 1889 முதல் 1892 வரை அவர் கீழைநாட்டுச் சில்வண்டுகளுக்கென்றே ஒரு பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் பற்றிய நூல் வரிசைக்கு 1906-இல் அவர் எழுதிய தொகுதியை இன்றும் மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். ஆனால் அவர் பார்த்தவை பெரும்பாலும் ஊசியில் குத்திக் காய்ந்து கப்பலில் போன பூச்சிகள். உயிரோடு இருக்கும்போது பச்சையாக இருக்கும் சில்வண்டு காய்ந்ததும் பழுப்பு மஞ்சளாகிவிடும். பழைய விவரணையில் மஞ்சள் என்று இருந்தால், காட்டில் தேட வேண்டியது பச்சையாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பிப் பிரித்த குழுக்கள் பின்னாளில் கலைந்துபோனதற்கு இது ஒரு காரணம்.

சரி, நிறத்தை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? ஆண்பூச்சியின் வயிற்று நுனியைத்தான். காய்ந்த பூச்சியை ஈரமான மூடிய பெட்டியில் வைத்து இளக விடுவோம். மூட்டுகள் அசைய ஆரம்பித்ததும் நுனிப் பகுதியை மட்டும் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மெல்லச் சூடாக்குவோம். தசையெல்லாம் கரைந்து, பழுப்புக் கண்ணாடி போன்ற கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரினில் இட்டு, நுண்ணோக்கியின் கீழே மெல்லிய ஊசியால் புரட்டும்போதுதான் அந்தப் பூச்சி பேசத் தொடங்கும். அன்கஸ் என்னும் கொக்கிப் பகுதி இரண்டாகப் பிளந்திருக்கிறதா, ஒற்றையாக வளைந்திருக்கிறதா, பக்கவாட்டில் முளை இருக்கிறதா என்று ஒவ்வொரு கோணத்திலும் வரைந்துகொள்வோம். புகைப்படமும் எடுக்கிறோம். ஆனாலும் வரைவதை விட எனக்கு மனமில்லை. கை வரையும்போதுதான் கண் சந்தேகப்படுகிறது. அப்புறம் அந்தத் துண்டைக் கிளிசரினோடு ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, அதே பூச்சியின் ஊசியில் மாட்டிவிட வேண்டும். குப்பியும் பூச்சியும் பிரிந்துவிட்டால் இரண்டுக்குமே மதிப்பில்லை.

வயிற்றின் அடிப்புறத்தில் ஒலியுறுப்பை மூடும் தகடுகளும் முக்கியம். நாங்கள் பிரிக்க நினைக்கும் சில்வண்டுகளில் அவை குட்டையாகவும் வட்டமாகவும் இருக்கின்றன. பழைய பேரினத்தின் மற்ற உறுப்பினர்களுக்கு இலைபோல் நீண்டு வயிற்றின் மேல் படர்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டு, “மேடம், இவ்வளவு வித்தியாசம் தெரியுதே, ஏன் இத்தனை நாள் ஒரே பேர்ல இருந்துச்சு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. தகடு குட்டை என்பதற்காக மட்டும் பேரினம் பிரிக்க முடியாது. வெவ்வேறு கிளைகளில் அது தனித்தனியாகவே குட்டையாகியிருக்கலாம். ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று காட்ட வேண்டும். அந்த மூதாதையின் வழித்தோன்றல் எதுவும் வெளியே விடுபட்டிருக்கவும் கூடாது.

அங்கேதான் டிஎன்ஏ உதவுகிறது. பூச்சியின் ஒரு கால் போதும். பலரும் பார்க்கும், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணுவின் துண்டு 658 எழுத்து நீளம். அதோடு உட்கரு மரபணுக்களும் சேர்ந்தால்தான் ஆழமான கிளைகள் தெளிவாகும். டிஎன்ஏவை ஒப்பிட்டு வரைந்த எங்கள் உறவு மரத்தில் இந்தச் சிற்றினங்கள் பழைய பேரினத்தை விட்டுவிட்டு வேறொரு கிளையோடு ஒட்டிக்கொண்டன. அப்படி வந்ததும் உடனே பெயர் வைத்துவிடும் போக்கு இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஎன்ஏவைப் படிக்கும் சீக்வென்சர் கருவி இல்லாத ஒருவர் கையில் பூச்சியை வைத்துக்கொண்டு இது எந்தப் பேரினம் என்று சொல்ல வழியில்லையென்றால், அந்த வகைப்பாட்டால் யாருக்கும் பயனில்லை. மரம் காட்டிய பிரிவை உடலில் திரும்பத் தேடினோம். அன்கஸ், தகடு, பின்சிறகின் நரம்பமைப்பு மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

பாட்டும் ஒத்துவந்தது. உடலால் பிரிக்கவே முடியாத சிற்றினங்களைப் பாட்டு பிரித்துக் காட்டும். ஆனால் பதிவு செய்த அதே ஆணைப் பிடித்து, பதிவின் எண்ணை அதன் லேபிளில் எழுத வேண்டும். மரத்தில் பாடியது ஒன்று, வலையில் விழுந்தது வேறொன்று என்றால் அந்த ஒலிப்பதிவை எந்தப் பெயரோடும் சேர்க்க முடியாது.

எழுத்து வேலையில் பாதி சட்ட வேலை. பேரினத்துக்கு ஒரு டைப் சிற்றினம், அதாவது அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்று நிலைநிறுத்தும் சிற்றினம், வேண்டும். புதிய சிற்றினத்துக்கு, அதன் பெயரைத் தாங்கும் ஹோலோடைப்பாக ஒரே ஒரு மாதிரிப் பூச்சியைக் குறிக்கிறோம். இந்தக் குழுவின் ஏதாவதொரு சிற்றினத்தை டைப்பாக வைத்து யாராவது முன்பே பேரினப் பெயர் கொடுத்திருந்தால், அந்தப் பழைய பெயர்தான் உயிர்த்தெழும். நம் பெயர் போய்விடும். அதனால் டிஸ்டண்டின் டைப்புகளைத் தேடி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போவது தவிர்க்க முடியாதது. லேபிளில் ‘அஸ்ஸாம்’ என்று மட்டும் இருக்கும். அன்றைய அஸ்ஸாமில் இன்றைய மேகாலயாவும் நாகாலாந்தும் அடக்கம் என்பதால், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த மலைக்குப் போவது?

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இந்தியாவில் கண்டறியும் புதிய சிற்றினத்தின் மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியம் ஒன்றில் வைக்க வேண்டும். சிலருக்கு இது சுமையாகப் படுகிறது. எனக்கு நிம்மதி. அடுத்த தலைமுறை மாணவர் டைப்பைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டாம்.

மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாக வெளிவரும் சில்வண்டுக்கு 2013-இல்தான் கிரெமிஸ்டிகா ரிபோய் என்ற அறிவியல் பெயர் கிடைத்தது. ஊர் மக்கள் அதற்கு முன்பே நியாங்தசேர் என்று அழைத்து, எந்த ஆண்டு வரும் என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் களக்குறிப்பில் ஊர்ப்பெயருக்கும், எப்போது பாடுகிறது என்று மக்கள் சொல்வதற்கும் தனிக் கட்டம் வைத்திருக்கிறோம்.

இப்போதைக்கு எங்கள் கீ, அதாவது அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துச் சிற்றினத்தைக் கண்டறியும் பட்டியல், ஆண்பூச்சிகளுக்கு மட்டும்தான். பெண்ணுக்குப் பாட்டும் இல்லை, அன்கஸும் இல்லை. ஆணோடு சேர்ந்திருக்கும்போதே பிடித்த பெண்களும், டிஎன்ஏ பொருந்திய பெண்களும் இன்னும் நிறைய வேண்டும். அதைக் கட்டுரையிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.