மூளைக்கட்டி வாசிப்பு: செப்டெம்பர் குறிப்புகள்

02.09.2025
ஏ.எல். (உயர்தர) வகுப்பில் இன்று ஒரு புள்ள மடக்கிவிட்டாள். "டீச்சர், நரம்புக் கலம் பிரியாது எண்டு போன கிழமை சொன்னீங்க, அப்ப மூளையில கட்டி எங்கயிருந்து வருது?" சிலபஸில் இல்லாத, நல்ல கேள்வி. முதிர்ந்த நரம்புக் கலம் பிரியாதுதான், ஆனால் பக்கத்தில் துணையாக இருக்கும் கிளியாக் கலங்களும் அவற்றை உண்டாக்கும் முன்னோடிக் கலங்களும் பிரியும் என்று சொன்னேன். அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான்.

04.09.2025
கல்லடியில் இரவு முழுக்க வெக்கை, கரண்டும் இல்லை, போனில்தான் வாசிப்பு. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி பொல்லாதது. 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வில் கதிர்ச்சிகிச்சையோடு டெமோசோலமைட் மருந்தும் சேர்த்துக் கொடுத்தும் பாதிப்பேர் 14.6 மாதத்தைத் தாண்டவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வுதான் என்னைத் தூங்க விடவில்லை: கட்டியிலுள்ள, மூர்க்கம் அடங்கிய கலங்களில் சொக்ஸ்2, ஒலிக்2 உட்பட நான்கு மரபணுக்களை இயக்கிவிட்டார்கள், அவை திரும்பவும் புதுக் கட்டியை உண்டாக்கக்கூடிய மூலக் கலங்களாக மாறிவிட்டன. இந்த மரபணுக்கள் முளையத்தில் மூளை உருவாகும்போது வேலை செய்பவை. தாயின் வயிற்றில் ஓடிய கட்டளையைத்தான் கட்டி களவெடுத்து வைத்திருக்கிறது.

07.09.2025
போயா (பௌர்ணமி விடுமுறை), வகுப்பில்லை. பிள்ளைகளுக்கு வரும் மெடுலோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டியில் இந்தக் களவு இன்னும் வெளிச்சம். சிறுமூளையில் பர்க்கின்ஜி கலங்கள் என்ற பெரிய நரம்புக் கலங்கள் சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதத்தைச் சுரக்க, முன்னோடிக் கலங்கள் மளமளவென்று பெருகும், பிறந்து ஓரிரு வருடத்துக்குள் அந்தப் பெருக்கம் ஓய்ந்துவிடும். அடக்கி வைப்பது பிடிசிஎச்1 மரபணு. அதில் விகாரம் வந்து கெட்டுப்போனால், உன்னிச்சைக் குளத்து மதகை மூட முடியாமல் போன மாதிரி, பெருக்கம் நிற்காது. மெடுலோபிளாஸ்டோமா எல்லாமே இப்படி இல்லை, நான்கு வகையில் இது ஒன்று. ஹெட்ஜ்ஹொக் மரபணுவை முதலில் பார்த்தது பழ ஈயில், 1980இல், நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள். 1995இல் அவர்களுக்கு நோபல். ஈயின் புழுவைப் பார்த்து என்ன பிரயோசனம் என்று கேட்கிற ஆட்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

10.09.2025
இது ஆட்டுக்குட்டிக் கதை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. சினையாடுகள் மலையில் ஒரு காட்டுச்செடியைத் தின்றிருக்கின்றன, அதிலிருந்த சைக்ளோபமைன் என்ற பொருள் ஹெட்ஜ்ஹொக் பாதையை, அதாவது அந்தப் புரதத்தின் கட்டளை கலத்துக்குள் போகும் வழியை, அடைத்துவிடும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதே இடத்தில் வேலை செய்யும் விஸ்மோடெஜிப் என்ற மருந்து 2012இல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மெடுலோபிளாஸ்டோமாவிலும் சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் எலும்பு நீள்வதற்கும் இதே பாதைதான் வேண்டும், மருந்து எடுத்த சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித்தட்டு வேளைக்கே மூடிக்கொண்டது, உயரம் நின்றுவிட்டது. அதனால் பின்னால் வந்த பரிசோதனையில் எலும்பு வளர்ந்து முடிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.