முக்கொம்பு ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று எங்கள் வீட்டில் பெரிய யோசனை கிடையாது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போவோம். முக்கொம்பு வண்டி நின்றால் முக்கொம்பு, கல்லணை வண்டி நின்றால் கல்லணை. டவுன் பஸ்ஸில் எனக்கும் அத்தைக்கும் டிக்கெட் கிடையாது. 2021-க்குப் பிறகு எங்கள் ஊர்சுற்றல் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஊஞ்சல், சறுக்குமரம், மாங்காய்ப் பத்தை, பொரித்த மீன் இருந்தால் இருவருக்கும் நாள் நிறைந்துவிடும்.

நான் பி.இ. சிவில். உறையூரில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் ஆட்டோகேடில் வீட்டு பிளான் வரைகிறேன். போர்டிகோ எந்தப் பக்கம், பூஜை அறை ஈசானியத்தில் வருமா, இதுதான் நாள் முழுக்கப் பேச்சு. மரியாதையான வேலை, மாசம் தவறாமல் சம்பளம். அதற்கு மேல் ஒன்றை நான் கேட்க ஆரம்பித்தது முக்கொம்பில்தான்.

"ஏம்மா, ஆறு இங்க ரெண்டாப் பிரியுதே, எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி போகணும்னு யாரு சொல்றது?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்த நான் நிறுத்தவே இல்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், காவிரியை நம்பிய வயல்கள் காயும். அதனால்தான் 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கினார். அவருக்கே பாடம் சொன்னது கல்லணை. ஆற்று மணலில் கல்லைப் போட்டால் அது இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதன்மேல் இன்னொன்று, இறங்குவது நிற்கும்வரை. மணலில் அஸ்திவாரம் போட அப்படித்தான் வழி பிறந்தது.

கல்லூரியில் கோஸ்லா கோட்பாட்டைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அது சொல்வது இதுதான்: அணைக்கு அடியில் ஊறும் நீர் மறுபக்கம் வெளியேறும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போனால், மேலே எவ்வளவு கான்கிரீட் இருந்தும் பயனில்லை. இதே முக்கொம்பில் 2018 ஆகஸ்டில், கொள்ளிடம் அணைக்கட்டின் 9 ஷட்டர்கள் வெள்ளத்தில் போயின. அருகில் எழுந்த புதிய கதவணையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர். டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணிகள் தேர்வு எழுதப்போகிறேன்.

முதலில் சொன்னது அத்தையிடம். அவர் பிறந்தது மண்ணச்சநல்லூர்ப் பக்கம். "லஸ்கர் வந்து ஷட்டரத் தூக்குனாத்தான் எங்களுக்கு நடவு. முறைத் தண்ணி வர்ற ராத்திரி எங்கப்பா மம்பட்டியோட வரப்புலயே கெடப்பாரு. நீ ஏ.இ.யா வந்தா கடைமடைய மறந்துடாத" என்றார். மருமகள் அரசு வேலைக்குப் போவதைப் பற்றி அவர் பேசவில்லை, தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

விடியற்காலையில் ஹைட்ராலிக்ஸ், மண் இயக்கவியல். தமிழ்த் தகுதித் தேர்வுக்குப் பஸ்ஸே வகுப்பறை: மகள் குறளின் முதல் அடியைச் சொன்னால் நான் இரண்டாவதைச் சொல்லவேண்டும். பிள்ளைகளோடு போகும் ஞாயிறுகளைப் படிப்புக்காகக் குறைத்துக்கொள் என்று சிலர் சொன்னார்கள். மாட்டேன். இந்த ஆசை அங்கேதான் முளைத்தது. பிள்ளைகளை அத்தை ஊஞ்சல் பக்கம் பார்த்துக்கொள்ளும் நேரத்தில், ஷட்டரைத் தூக்கும் கியரையும் கீழ்ப்புறம் நீர் விழுந்து நுரைக்கும் தளத்தையும் நோட்டில் வரைந்துகொள்கிறேன். புத்தகத்து வரைபடம் அதன் பிறகுதான் எனக்குப் பிடிபடுகிறது.

அடுத்து மாயனூர். கரூர் பாசஞ்சரில் ஏறினால் அங்கேயே ஸ்டேஷன் இருக்கிறது. கதவணையில் 98 ஷட்டர். அத்தனையையும் தானே எண்ணப்போவதாக மகன் சொல்லியிருக்கிறான்.