கார்ப்பெட்டில் தால்சா கொட்டினால் சோப்பை எடுக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து வீடுகளில் கார்ப்பெட்டுக்கு மேல் சுப்ரா என்ற சாப்பாட்டு விரிப்பை விரித்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் சாப்பிடும்போது, சுப்ராவைத் தாண்டி ஏதாவது சிந்தாமல் இருக்காது. சிந்தியது கார்ப்பெட்டைக் கெடுப்பது குறைவு. பதற்றத்தில் தேய்க்கிற சோப்பும் அலசுகிற போர் தண்ணீரும்தான் பெரும்பாலும் கெடுக்கின்றன.

முதலில் அது என்ன கார்ப்பெட் என்று தெரிய வேண்டும். துபாயிலிருந்து வந்தது என்பதால் கம்பளி என்று ஆகிவிடாது. மெஷினில் நெய்தவற்றில் நிறைய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைதான். ஓரத்தில் இரண்டு இழை பிடுங்கி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிபுரொப்பிலீன். அதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். மூழ்கினால் கம்பளி, நைலான், பாலியெஸ்டர், பருத்தி எதுவும் இருக்கலாம். இன்னொரு இழையைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. அதன் பக்கம் பிளீச்சிங் திரவத்தைக் கொண்டுபோகவே கூடாது, இழையையே கரைத்துவிடும். என்சைம் கலந்த சலவைத்தூளும் வேண்டாம். முட்டைக் கறையைத் தின்கிற அந்த என்சைம் கம்பளியையும் தின்னும்.

இனி தால்சா என்ற பருப்புக் குழம்பு, மீன்குழம்பு, பிரியாணி. மூன்றிலும் தொல்லை ஒன்றுதான்: எண்ணெயில் கரைந்த மஞ்சள். கெட்டியானதைக் கரண்டி விளிம்பால் வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தெடுங்கள். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி ஒற்றுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு எண்ணெயை உறிஞ்ச மக்காச்சோள மாவோ டால்கம் பவுடரோ கனமாகத் தூவி அரை மணி நேரம் விட்டு, வேக்குவம் போட்டு எடுக்கலாம். ஊரெல்லாம் சொல்கிற சமையல் சோடா இங்கே ஆகாது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) பட்டால் செம்பழுப்பாக மாறும். துணி சோப்பு, சலவை சோடா, சமையல் சோடா எல்லாமே காரம். குங்குமம் கொட்டியது போல் சிவந்துபோய்ப் பலர் அலறுவது இதனால்தான். சிவந்துவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். மறுபடி மஞ்சளாகும். கறை போய்விடாது, பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான்.

உங்கள் பாத்திரம் கழுவும் லிக்விட் காரமா இல்லையா என்று பார்க்க மஞ்சளே போதும். வெள்ளைத் துணியில் ஈர மஞ்சளைத் தடவி ஒரு சொட்டு விடுங்கள். நிறம் மாறாவிட்டால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி கலந்து, துணியில் நனைத்து ஒற்றி எண்ணெயை எடுக்கலாம். நுரை அதிகமானால் நன்மை இல்லை. இழையில் தங்கிய சோப்பு பிசுபிசுத்து, ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். எண்ணெய் போன பிறகும் நிற்கிற மஞ்சளுக்கு மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அடுப்பும் பத்தியும் எரியாத இடமாகப் பார்த்து, துணியில் நனைத்து ஒற்றுங்கள். நேரே ஊற்றினால் அடியில் இருக்கும் பசை விட்டுப்போகும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. மொட்டை மாடியில் கறையை மட்டும் வெளியே விட்டு, மற்ற இடத்தைப் போர்வையால் மூடுங்கள். இல்லையென்றால் கார்ப்பெட் சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

மீன் வாடைக்கு சென்ட் அடிக்க வேண்டாம். அந்த வாடைக்குக் காரணம் அமீன்கள் என்ற காரப் பொருட்கள். மேலே சொன்ன வினிகர் தண்ணீரே அவற்றை அடக்கும்.

டீயில் பாலும் உண்டு, துவர்ப்பு தரும் டானினும் உண்டு. வெந்நீர் பாலின் புரதத்தை இறுக்கிவிடும், கட்டி சோப்பு டானினை நிலைக்க வைக்கும். ஆகவே பச்சைத் தண்ணீர், பிறகு வினிகர் தண்ணீர். வெளிர் கார்ப்பெட்டில் பழுப்பு நின்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கலில் விற்பது பெரும்பாலும் 6 சதவீதம், சரிபாதி தண்ணீர் சேர்த்து, மூலையில் சோதித்த பிறகே தொடவும்.

ரோஸ்மில்க்குக்கு மட்டும் வினிகர் கூடாது. அதன் சிவப்புச் சாயம் அமிலமும் சூடும் சேர்ந்தால் கம்பளி, நைலான் இழைகளில் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரால் ஒற்றிக்கொண்டே இருங்கள். சாயம் துணிக்கு வருவது நின்ற பிறகுதான் பெராக்சைடு. தேங்காய்ப்பாலில் கிண்டும் அல்வா போன்ற தொதல் ஒட்டினால் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி வைத்து இறுகச் செய்து பெயர்த்தெடுங்கள். மிச்சமிருக்கும் தேங்காயெண்ணெய்க்கு அதே மாவும் லிக்விடும்.

நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் கடைசி அலசலில் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் இழையில் உப்பு தங்கும். கடல் காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுக்க, கார்ப்பெட் காயாமல் அழுக்கைப் பிடிக்கும். கடின நீரில் சோப்பும் திரிந்து வெள்ளையாகப் படியும். காவிரித் தண்ணீர், மழைத் தண்ணீர், இல்லையென்றால் குடிக்க வாங்குகிற குடத் தண்ணீரில் இரண்டு டம்ளர் ஒதுக்குங்கள். அந்தக் காசு புது கார்ப்பெட் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

காயும்போது கறை திரும்பி வருவதும் உண்டு. அடியில் தங்கிய ஈரம் மேலே ஏறும்போது கறையையும் தூக்கி வருகிறது. வெள்ளைத் துண்டுகளை நான்காக மடித்துப் போட்டு, மேலே தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் குடம் ஒன்றை ராத்திரி முழுக்க வையுங்கள். குடத்தின் வெளிப்பக்கம் வியர்க்கும் என்பதால் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்று. கறை துண்டுக்கு ஏறிவிடும். காலையில் துண்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் காற்று போகும்படி டேபிள் ஃபேனை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல் பக்கம் காய்ந்த மாதிரி இருக்கும்; அடியில் கை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி இல்லாவிட்டால் மட்டுமே திரும்ப விரிக்கலாம்.