அட்வைசஸ்

நேற்று மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டினேன், "தேங்க்யூ ஃபார் ஆல் யுவர் அட்வைசஸ்" என்று. அனுப்பின பிறகுதான் பக்கத்து சீட் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அட்வைஸுக்குப் பன்மை கிடையாதுண்ணே" என்றான்.

எல்லாம் தமிழில் யோசிக்கிற வினை. நமக்கு அறிவுரையும் உண்டு, அறிவுரைகளும் உண்டு. ஆங்கிலத்தில் அது தண்ணீர் மாதிரி, ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது, கல்யாண வீட்டில் பத்து சித்தப்பா சேர்ந்து சொன்னாலும் வெறும் அட்வைஸ்தான். 'ஆன் அட்வைஸ்' என்றும் சொல்லக்கூடாது. எண்ணியே தீருவேன் என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று கேக் மாதிரி துண்டு போட வேண்டுமாம். இன்ஃபர்மேஷனுக்கும் இதே கதைதான். இதில் பேங்க்காரர்கள் மட்டும் விதிவிலக்கு, பேமென்ட் அட்வைஸ் என்பது ஒரு அறிவிப்புச் சீட்டு, அதற்குப் பன்மை போடலாம்.

அப்புறம் ஸ்பெல்லிங். பெயர்ச்சொல் என்றால் சி, வினைச்சொல் என்றால் எஸ். இதை நான் இருபது வருஷமாக மாற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, மன்னிப்பு மெயில் போடலாம் என்று உட்கார்ந்தால் மேனேஜரிடமிருந்து பதில் வந்திருக்கிறது: "வெல்கம். மோர் அட்வைசஸ் டுமாரோ."